திரை தைத்துக் கொடுத்தவருக்கும் கூட நின்றவர்களுக்கும்

கேரள எல்லையில், குமுளியில் நடந்த திரைப்பட விழாவுக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் காற்று என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. என் படம் ஓட வேண்டிய திரை காற்றில் கிழிந்து போனதும் நான் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் மறந்துவிடுங்கள். மலை இறங்கி எங்கள் ஊர் கம்பத்துக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது, படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிப்போனால் எனக்கு எழுத வராது.

முதல் நன்றி தையல்கார ஐயாவுக்கு. பேர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். "பேரப் போட்டேன்னா நாளைக்குப் பந்தல்காரன்லாம் என் கடை வாசல்ல வந்து நிப்பான்." சரி, போடவில்லை. அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். மிதிமெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு 30 வருசத்துக்கு மேலாகக் குமுளியில் இருக்கிறார். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் பஸ் நின்று, இரண்டு பக்கமும் சனங்கள் பயந்து கிடந்தபோதும் அவர் மலை இறங்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "பாதி தச்ச யூனிஃபார்ம் கெடந்துச்சு. பிள்ளைங்க ஸ்கூலுக்கு எதப் போட்டுட்டுப் போகும்?"

அவரிடம் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாலண்டியர் பையன் ஒருவன்தான், "சேச்சி, தையல்கடையில லைட் எரியுது" என்று இழுத்துக்கொண்டு போனான். கிழிந்ததை ஒட்டுப்போட முடியுமா என்று கேட்கத்தான் போனோம். ஐயா திரையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது துணி இல்லம்மா, ரெக்சின் மாதிரி. ஊசி போட்டா போட்ட எடமெல்லாம் பிரியும்." அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கடை சாத்துகிற நேரம். சாவி கையில் இருந்தது. "வெள்ளையா இருந்தாப் போதுமா?" என்றார்.

பக்கத்து ஜவுளிக்கடையில் பாதி இறங்கியிருந்த ஷட்டர் மறுபடி ஏறியது. எட்டு முழ டபுள் முண்டு. நாலு போதும் என்றார் கூட வந்த விழாக்குழு சேட்டன். ஐயா தலையை ஆட்டினார். "நாலு வேண்டாம். நட்டநடுவுல தையல் விழும். மூணு, இல்லாட்டி அஞ்சு." ஐந்து எடுத்தோம். நான் குறுக்குவாட்டில் வைத்துத் தைக்கச் சொன்னேன். அதற்கும் இல்லை. "படுக்கப் போட்டா தையல் மூஞ்சிக்குக் குறுக்க ஓடும். நிக்கிற கோடு கண்ணுக்குத் தெரியாது, படுத்த கோடுதான் உறுத்தும். கீழ எழுத்து வருமா?" வரும், சப்டைட்டில் உண்டு என்றேன். "அப்ப கீழ்மடிப்பு ரெண்டு விரக்கட கூட விடணும்." வாழ்நாளில் இதற்கு முன் சப்டைட்டில் உள்ள படம் பார்த்திருப்பாரா, தெரியாது. எழுத்தை மறைக்கக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

முண்டின் கரை தெரியாமல் மடிப்புக்குள் தள்ளித் தைத்தார். கசவு, அதாவது சரிகை, வந்த இரண்டு முனையையும் மேலும் கீழும் சுருட்டி, பைப் நுழைகிற அளவுக்குக் குழல் மாதிரி விட்டார். தையல் நீள நீளத் துணி கடைவாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. மண் படாமல் நாலு பையன்கள் தொட்டில் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முடித்துவிட்டு பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் அந்தப் பக்கம் போனது. "இது லைட்ட ஒழுக விடுது" என்று சொல்லிவிட்டு, ஜவுளிக்கடைக்காரரிடம் சபரிமலை சீசனில் விற்காமல் மிச்சம் கிடந்த கறுப்பு வேட்டிகளைக் கேட்டார். பின்பக்கம் அவற்றை வைத்து ஓட்டுத்தையல் போட்டார். இவ்வளவுக்கும் கத்திரியை அவர் தொடவே இல்லை. கடைக்காரர் திரும்ப எடுத்து விற்க வேண்டுமே!

20 அடி அகலம், 11 அடி உயரம். ஒன்பதரைக்கு மைதானத்தில் ஏற்றினோம். தைத்த கூலியை வாங்க மாட்டேன் என்றார். நூல்கண்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டரை மணி நேரமும் பாயை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜீப் பிடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேற வேண்டிய அக்காமார் அதில் பாதிப்பேர். படமே அவர்களைப் பற்றித்தான், ஆனாலும் தூக்கம் தூக்கம்தானே. எல்லாருக்கும் கட்டன் சாயா போட்டு அனுப்பிய ஹோம்ஸ்டே சேச்சி, பைப் கட்டின ஆட்டோக்கார அண்ணன்மார், ஹெட்லைட் போட்டு வெளிச்சம் காட்டிய ஜீப் டிரைவர்கள், மொழிபெயர்த்துக் கொடுத்த தேனித் தோழி, எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மலையாளத்துப் பெரியவரையும் சொல்ல வேண்டும். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. 1984-இல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா குழு, 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டியதையும், சனங்களிடம் காசு வசூலித்தே படம் எடுத்ததையும் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். நான் அழுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தேன்.

படத்தில் ஏரி வருகிற இடம் உங்களுக்கு நினைவிருக்கும். 1895-இல் அணை கட்டியபோது முங்கிப்போன காட்டின் மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேலே மொட்டையாக நிற்கின்றனவே, அதில் ஒன்று சரியாக இரண்டாவது தையலில் போய் நின்றது. கோடு காணாமல் போனது. ஐயா சொன்னது நிஜம்தான். ஏரி அங்கே இருக்கிறது, அதன் தண்ணீர் மலையைக் குடைந்து எங்கள் வயலுக்கு வருகிறது. அதைக் குடித்து வளர்ந்தவள், தேக்கடிக்கு டூரிஸ்ட் மாதிரி போய் போட்டிங் பண்ணிவிட்டு வந்ததைத் தவிர அந்த ஊரோடு எந்த ஒட்டும் வைத்துக்கொண்டதில்லை. இனி எந்தப் படம் எடுத்தாலும் முதல் திரையிடல் குமுளியில்தான். முண்டில் காட்டினாலும் சரி.

ஞாயிறு காலையில் சொல்லிக்கொண்டு வரப் போனேன். ஐயா பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று முண்டு மடித்தாகிவிட்டது. ஒன்றில் டேப் ஒட்டிய பசை இருந்தது, சீயக்காய் போட்டுக் கசக்கிக் காயப்போட்டிருந்தார். படம் எப்படி இருந்தது என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா?

"அந்த ஜீப்புல ஓரமா உக்காந்து வர்ற அம்மா, சேலைக்கு மேல ஆம்பளச் சட்ட போட்டிருக்கே, அது யாரு?"

"எங்கம்மாதாங்கய்யா. அப்பா சட்டை."

"காலர் நஞ்சுபோச்சு. பிரிச்சுத் திருப்பித் தச்சா இன்னும் ரெண்டு வருசம் ஓடும். கொண்டு வா."

அம்மாவிடம் கேட்டதற்கு முதலில் தர மாட்டேன் என்றது. நேற்றுதான் துவைத்துக் கொடுத்தது. மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு குமுளிக்குப் போகிறேன்.