ஈறு விஷயமாக ராமுவுக்கு

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு என் ஆசிகள். வாடகைக்காரர் விவகாரத்தை நேரில் பேசிக்கொள்வோம். நீ அனுப்பிய மூட்டுவலி எண்ணெயால் வீடு நாறியதுதான் மிச்சம்.

இப்போது அவசரமாக எழுதுவது அக்காவின் பல்லைப் பற்றி. ஈறில் ரத்தம் கசிந்து, கீழ்ப்பல் இரண்டு ஆடத் தொடங்கிவிட்டன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டிய பள்ளம் 6 வரை போயிருக்கிறது. வேர்வரை சுத்தம் செய்யவேண்டும் என்ற மருத்துவர், முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனைச் சீட்டை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.2 சதவீதம்! "பல்லைக் காட்டினால் ரத்தத்தைக் கேட்கிறாரே" என்று அக்கா பொருமினாள். அந்தக் குரல் உனக்குத் தெரியுமே.

அவர் விளக்கியபோது எனக்கு உன் நினைவுதான். சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியை விழுங்கவேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றனவாம். அழற்சியைத் தூண்டும் பொருள்களோ அளவுமீறிச் சுரக்கின்றன. திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை அடிக்கும் காவல்காரன்தான்! தாடை எலும்பு கரைகிறது. சுத்தம் செய்த பிறகும் ஈறு இறுகிப் பிடிக்க நாளாகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கு ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே ஆறிவிடுகிறது.

இது இருவழிப் பாதை. ஈறின் அழற்சி ரத்தத்தில் பரவி இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஈறுக்கு வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததாக 2022-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. உடனே மாத்திரையை நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

கண்ணுக்கும் பாதத்துக்கும் வருடம் தவறாமல் போகிறாய். வாயை யாரிடமும் காட்டுவதில்லை. ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது சிக்கல் என்று ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ எழுதியது 1993-இல். அப்பாவை நினைத்துப் பார், ராமு. ஐம்பது வயதிலேயே பொக்கை வாயாகி, சோற்றைக் குழைத்துத் தின்றார். வயதாகிவிட்டது என்று நாமெல்லாம் சொன்னோம். அவருக்கும் சர்க்கரை இருந்தது.

அக்காவுக்கு மேல்வரிசை முடிந்துவிட்டது. கீழ்வரிசை அடுத்த வாரம். சர்க்கரையும் இறங்கி வருகிறது, இனிப்புப் பெட்டி இப்போது என் அலமாரியில். பல் மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டுப் பதில் போடு. வேப்பங்குச்சியின் மகிமையைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்,
சேது