சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த இந்த உணவுக் கட்டுப்பாடெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்டிருந்தாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீராகாரம், மசித்த உணவு, மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறும் கட்டம் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் முடிந்துவிடும். எப்படி உண்பது, எப்போது குடிப்பது என்ற விதிகளுக்கு முடிவு தேதி கிடையாது. வார அட்டவணையை உன் மருத்துவர்கள் தந்திருப்பார்கள், அதில் நான் கைவைக்கப் போவதில்லை. அந்த விதிகளின் காரணங்களை மட்டும் எழுதுகிறேன். காரணம் தெரியாத எதையும் நீ சின்ன வயதிலிருந்தே மதித்ததில்லை.

உனக்குச் செய்திருப்பது ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இரைப்பையின் பெரும்பகுதியை, ஏறக்குறைய 80 சதவீதத்தை, எடுத்துவிட்டு மீதியை ஒரு குறுகிய குழாய் போல விட்டிருக்கிறார்கள். இப்போது அதில் ஒரு சிறிய டம்ளர் அளவுக்குத்தான் இடம். உணவோடு தண்ணீரும் சேர்ந்தால் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், வேண்டிய புரதம் உள்ளே போகாது. நெஞ்சுக்குக் கீழே இறுகும், வாந்தி வரும். இது முதல் சில மாதங்களில். பிறகு வீக்கம் வடிந்து உட்கொள்ளும் அளவு கூடியதும் வேறு விதமாகக் கெடுக்கும். தண்ணீர் உணவை இளக்கிச் சீக்கிரமாகக் கீழே இறக்கிவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வு நிலைக்காது என்பார்கள் மருத்துவர்கள். இன்னும் நாலு வாய் சாப்பிடலாமே என்று தோன்றும். எடை மெல்லத் திரும்புவதற்கு அந்த நாலு வாய் போதும்.

அதனால்தான் சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே குடிப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடியும் தண்ணீர். படிக்க எளிதாக இருக்கும் இந்த விதிதான் எல்லாரிடமும் முதலில் தளர்கிறது. இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகவே டம்ளரைத் தேடும். ஆகவே டம்ளரைச் சாப்பாட்டு மேசையிலேயே வைக்காதே. உணவு வறண்டிருந்தால்தான் தண்ணீர் கேட்கும். ஈரப்பதத்தோடு சமைத்துக்கொள், ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்றுவிடு.

இந்த விதிக்குப் பயந்து பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் மருத்துவமனைக்கு ஓட வைக்கும் காரணங்களில் நீரிழப்பு முக்கியமானது. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். பழையபடி மடமடவென்று குடிக்க முடியாது என்பதால் விழித்திருக்கும் நேரமெல்லாம் மிடறு மிடறாகத்தான் போக வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகத் தெரிந்தால் போதவில்லை என்று பொருள். வாயு நிரப்பிய பானங்கள் வேண்டாம். மதுவும் வேண்டாம், இப்போது அது முன்னைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும்.

தட்டில் புரதத்துக்கே முதலிடம். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். முட்டை, மீன், பருப்பு எதுவானாலும் முதலில் அதைச் சாப்பிடு, பிறகு காய்கறி, இடம் இருந்தால் மாவுச்சத்து. இருபது முப்பது நிமிடம் நிதானமாக உண். நெஞ்சுக்குக் கீழே லேசான அழுத்தம், ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடிவது, இவற்றில் எது வந்தாலும் அந்த வாயோடு நிறுத்திவிடு. தட்டில் மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதே.

இப்போது உனக்குப் பசியே இல்லை என்று எழுதியிருக்கிறாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரந்த பகுதி வெட்டி எடுத்த பகுதியோடு போய்விட்டது. ஆனால் பசி என்றைக்குமாகப் போய்விடவில்லை. பலருக்கு ஓராண்டு வாக்கில் திரும்புகிறது. பசி அடங்கியிருக்கும் இந்த மாதங்களைப் போல எளிதான காலம் உனக்கு மறுபடியும் வாய்க்காது. இப்போதே பழக்கமாகிவிட்டால், பசி திரும்பும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. பிஸ்கட், ஐஸ்கிரீம், இனிப்புப் பானம் போன்றவை குறுகிய இரைப்பையிலும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அறுவை சிகிச்சையால் அவற்றைத் தடுக்க முடியாது.

மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டலாம். பதறாதே, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதே. பி12 குறைவது பல மாதங்கள் வெளியே தெரியாது, தெரியும்போது நரம்புகளைத் தொட்டிருக்கும். இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காதே, இடையே இரண்டு மணி நேரமாவது விடு.

ஒன்றில் மட்டும் உன் பொறுமையை நான் நம்பவில்லை. வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலோ, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, படபடப்பு வந்தாலோ, 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடாதே. தொடர் வாந்தியில் தயமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகக் குறைந்து மூளையையே பாதிக்கக்கூடும். எந்த நேரமானாலும் முதலில் மருத்துவமனைக்குச் சொல், அடுத்து எனக்கு.

அடுத்த ரத்தப் பரிசோதனையின் தேதி முடிவானதும் எழுது. முடிந்தால் நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா