பூனைக்குக் கிடைத்தது பெரியம்மாவுக்கு?

ஆசிரியருக்கு,

ஹட்டன் டவுனில் போன் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் சார்ஜர் வாங்க வந்த பையன் ஒருவன், "அண்ணே, இது உங்க பெரியம்மாதானே?" என்று தன் போனை நீட்டினான். பார்த்தால் அவரேதான். இடுப்பில் உடுப்பு நனையாமல் சுற்றுகிற படங்கு, முதுகில் கொழுந்துக் கூடை, முகத்தை ஒரு மாதிரிச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேலே 'திங்கட்கிழமை ஒபிஸ் போகும்போது நான்' என்று எழுதியிருக்கிறது, காலடியில் ஒரு தேயிலைப் பக்கற்றும் அதன் கழிவு விலையும். ஒன்லைனில் தேயிலை விற்கிற ஒரு கம்பனியின் விளம்பரம் அது.

எனக்கு மீம்ஸ் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 மே மாதம் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தபோது நானும் கடையை மறந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தவன்தான். 2001இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வந்த வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்த காட்சி, பதினெட்டு வருஷம் கழித்து ட்விட்டரில் முதலிடத்துக்குப் போனது என்றால், எந்தக் கம்பனிக்காரனுக்குத்தான் கை அரிக்காது? கெமரா வேண்டாம், நடிகர் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், சனம் ஏற்கெனவே சிரித்துப் பழகிய முகத்தின் மேல் இரண்டு வரி எழுதினால் போதும், மிச்சத்தை அவர்களே ஷெயார் பண்ணிக்கொள்வார்கள். ஆனால் வடிவேலு நம்மைச் சிரிக்க வைக்கக் கெமரா முன்னால் நின்றவர். பெரியம்மா கொழுந்து பறிக்கப் போனவர்.

அந்த முகச்சுளிப்புக்குக் காரணத்தை அவரிடமே கேட்டேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அட்டை கடிச்சிருச்சுடா, கூடையோட குனிய முடியல, அப்பத்தான் ரோட்டுல நின்ன வெள்ளைக்காரன் போட்டோ எடுத்தான்" என்றார். அப்புறம் கூடையைக் காட்டி, அன்றைக்குக் கொழுந்து குறைச்சல், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுத்தபோது அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள் என்றார். அந்தப் படத்துக்கு இத்தனை பேர் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் முகம் கடுகடுவென்று இருந்த ஒரு பூனை இருந்தது, கிரம்பி கெட் என்று பெயர், மீம்ஸில் பார்க்காதவர்கள் குறைவு. அதன் படத்தை ஒரு கம்பனி காப்பி பானத்துக்குப் போட அனுமதி வாங்கியது. வாங்கிய அனுமதியைத் தாண்டி வேறு பொருள்களுக்கும் போட்டது என்று பூனையின் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு, 2018இல் 710,001 டொலர் தீர்ப்பானது. அங்கே பூனை, இங்கே பெரியம்மா. அங்கே காப்பி, இங்கே அவரே பறித்த தேயிலை. சிரிப்பதா, என்ன செய்வதென்று தெரியவில்லை.

சரி, நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதிப்புரிமை என்று போனால் அது படம் எடுத்தவருக்குத்தான், படத்தில் நிற்பவருக்கு இல்லை. அப்படிப் பார்த்தால் பெரியம்மாவின் முகத்துக்குச் சொந்தம் கொண்டாட அந்த வெள்ளைக்காரருக்கு இருக்கும் வழிகூட அவருக்குக் கிடையாது.

அந்தக் கம்பனிக்கு மெசேஜ் போட்டேன். 'டேக் இட் ஈசி ப்ரோ, மீம் தானே' என்று பதில், கூடவே சிரிக்கிற ஸ்டிக்கர் ஒன்று. மீம் என்றால் பணம் கட்ட வேண்டாம், கேட்கவும் வேண்டாம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வட்ஸ்அப்பில் போட்டு விளையாடுவது வேறு கதை, அதைக் கூப்பிட்டு ஏசினால் முடிந்தது. விலையும் போட்டு விற்கிற இடத்தில் ஒருவரின் முகம் வந்தால் அது விளம்பரம். நடிகைக்குக் கொடுப்பதில் நூறில் ஒரு பங்கையாவது கொடுக்கட்டும், இல்லை தோட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போகட்டும்.

அந்தப் படத்தையும் இந்தக் கடிதத்தோடு அனுப்பலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அனுப்பவில்லை.

இப்படிக்கு,
வாசகன் ஒருவன்,
ஹட்டன்.