காதல் கதை எழுதுகிறவளிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் குடும்ப நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தோடு, இரண்டாம் தடவை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்ட, மூன்றாம் தடவை அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில், இதில் நியாயமாக ஏதாவது இருக்கிறதா என்று தேட. இருக்கிறது, அதையும் சொல்கிறேன். ஆனால் பொழுது போகாத இல்லத்தரசிகள் மதியத் தூக்கத்துக்கு முன்னால் எழுதித் தள்ளுகிற கதைகள் என்று ஒரு வரி போட்டிருந்தீர்களே, முதலில் அதை முடித்துவிடுவோம். மதியத் தூக்கம் என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்தே முப்பது வருடம் ஆகிறது.

எங்களுக்கு முன்னால் எழுதியவர்களை எடுத்துக்கொண்டாலும் இதில் யாருக்குப் பொழுது போகாமல் கிடந்தது என்று தெரியவில்லை. வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு விவரம் தெரியாத வயதிலேயே கல்யாணம். ஆரம்பத்தில் அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர்தான் எழுதிக்கொடுத்தார். அப்படித் தொடங்கியவர் 1925-லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தானே நடத்தி, 115 நாவல் எழுதி, நடுவே சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், அங்கே உட்கார்ந்தும் எழுதினார். 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோதே பத்திரிகைகளுக்கு எழுதி, அந்தப் பணத்தையும் வைத்துத்தான் படிப்பை முடித்தார். 1984-ல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர்கள் உயரம் எனக்கு இல்லை, அது எனக்கே தெரியும். ஆனால் 'இல்லத்தரசி எழுதுகிறாள்' என்றதும் வருகிற அந்தச் சிரிப்பு அவர்கள் காலத்திலிருந்தே அப்படியேதான் இருக்கிறது போல.

நான் 1994-லிருந்து எழுதுகிறேன். இதுவரை 62 நாவல். திருச்சி பொன்மலையில் குடியிருப்பு, வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நாளில் காலை நாலு மணிக்கு எழுந்தால், அவருக்கு டிபன் கட்டுகிற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்கு. வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் அச்சுக் கோர்க்கிறவர்கள் திட்டுவார்கள். முடித்ததும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, தபாலாபீஸ் கோந்தில் கவரை ஒட்டி ரிஜிஸ்டர் போஸ்ட். அப்புறம் மூன்று மாதம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. முதல் நாவலுக்கு வந்த மணியார்டரில் அந்த மாதப் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் தீர்ந்து, ஒரு குக்கரும் வாங்கினேன். அந்தக் குக்கருக்கு மூன்று தடவை கேஸ்கெட் மாற்றியாகிவிட்டது, இன்னும் விசில் அடிக்கிறது.

இவர்களுக்கெல்லாம் எங்கிருந்துதான் காதல் கிடைக்கிறது என்று கட்டுரையில் ஒரு கேள்வி. வெளிநாட்டு நாவல்களைப் பார்த்து எழுதுகிறோம் என்று பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். என்னிடம் கேட்டிருந்தால் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டியிருப்பேன். அதில் என் அம்மா பைண்டு பண்ணி வைத்த தொடர்கதைகள் இருக்கின்றன. வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பக்கத்தைக் கிழித்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவார்கள், அந்தக் காலத்து வீடுகளில் நிறையப் பேர் செய்ததுதான். நாயகி அழுகிற பக்கத்தைத் திருப்பினால் பின்னால் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். அதில் ஒரு தொடர்கதையில் பதினான்காவது வாரம் மட்டும் இல்லை. எதிர்வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டார். அதனால் பதின்மூன்று படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அம்மா அந்த அத்தியாயத்தை வாயாலேயே சொல்வார். சொல்லும்போது கையில் அரிவாள்மனையோ முறமோ இருக்கும். பல வருடம் கழித்து ஒரு வாடகை நூலகத்தில் அதே கதை முழுப் புத்தகமாகக் கிடைத்தது. ஓடிப்போய்ப் பதினான்கைத் தேடிப் படித்தால், அம்மா சொன்னது அதில் இல்லவே இல்லை! அசல் கதையில் நாயகி அழுதுகொண்டே மன்னித்துவிடுகிறாள். அம்மா சொன்னதில் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். எட்டாம் வகுப்பு தாண்டாத என் அம்மா, தனக்குப் பிடிக்காத அத்தியாயத்தை அத்தனை வருடமாக மாற்றிச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சாத்தின கதவிலிருந்துதான்.

மற்றதெல்லாம் ஊரில் கிடைப்பது. ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் காவிரிப் பாலம் வருவதற்குள் ஒரு சண்டையும் ஒரு சமாதானமும் காதில் விழும். ஐந்து வருடத்துக்கு முன்னால் கண் பரிசோதனைக்காக ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் எழுபது வயதுக்கு மேல் ஒரு தம்பதி. அந்தப் பெரியவர் சாத்துக்குடி உரித்தார். தோலை எடுத்தார், சரி. சுளைமேல் ஒட்டியிருக்கிற வெள்ளை நாரை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார், கொட்டையை அழுத்தி வெளியே தள்ளினார், அப்புறம்தான் அந்த அம்மாள் கையில் கொடுத்தார். இவ்வளவையும் செய்துகொண்டே வாய் மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறது: "நார் இருந்தா தின்ன மாட்டா மகாராணி, நாப்பது வருஷமா இதே ரோதனை." அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் சுளையை வாயில் போட்டுக்கொண்டு டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெரியவருக்கு இருபத்தெட்டு வயதாக்கி, ஒரு பைக்கும் கொடுத்து, என் அடுத்த நாவலுக்கு நாயகன் ஆக்கினேன். இப்படி ஒருத்தன் உலகத்தில் இருப்பானா அக்கா என்று படித்த பெண்கள் கேட்டார்கள். இருக்கிறான் தாயே, கண்ணில் புரை விழுந்து மூன்றாம் நம்பர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் என் நாவல் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. ஆனால் வாசித்துக் காட்டினால் குற்றம் கண்டுபிடிப்பார். "நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவன் நிலாவைப் பத்திப் பேச மாட்டான், சோறு இருக்கான்னு கேப்பான்" என்பார். அவர் சொன்னதற்காக நிலாவை வெட்டி எறிந்த அத்தியாயங்கள் எத்தனையோ.

இதில் ஒரு தப்பும் செய்திருக்கிறேன். ஆரம்பத்தில், சொந்தத்தில் ஒரு பெண்ணின் கதையைப் பெயர் மட்டும் மாற்றி அப்படியே எழுதிவிட்டேன். ஊர், வேலை, அவள் கட்டியிருந்த புடவை நிறம் வரைக்கும் நிஜம். மாத நாவலாக வந்து பெட்டிக்கடையில் கிளிப்பில் தொங்கியது, அவளே வாங்கிப் படித்தாள். பதினொரு வருடம் என்னோடு பேசவில்லை. பிற்பாடு எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, அகப்பாட்டில் தலைவன் பெயரும் தலைவி பெயரும் வரக்கூடாது என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறதே, தெரியாதா என்றார். குறுந்தொகையைக் கையில் கொடுத்து, 400 பாட்டுக்கு மேல் இருக்கிறது, காதலிப்பவர் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று பார் என்றார். பார்த்தேன், தலைவி, தலைவன், தோழி, செவிலி, அவ்வளவுதான். செம்மண்ணில் பெய்த மழைநீர் மாதிரி நம் நெஞ்சு கலந்தது என்று பாடியவருக்கு, அவர் பெயரே தெரியாமல், அந்த உவமையையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று விட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் போட்டால் தயவுசெய்து என் பெயரையும் போடாதீர்கள். இது சங்க இலக்கிய மரியாதையால் சொல்வதில்லை, சம்பந்தி வீட்டில் உங்கள் பேப்பர் வாங்குகிறார்கள்.

மாத நாவல் காலத்தின் கஷ்டம் வேறு. பக்கம் எத்தனை என்பது முன்பே முடிவாகிவிடும், கதை அதற்குள் அடங்க வேண்டும். ஒரு தடவை போன் வந்தது, நாலு பக்கம் கூடுகிறது, வெட்டித் தருகிறீர்களா என்று. எங்கே வெட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களே கடைசி நாலு பக்கத்தை எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். கதை முடிவதே அந்த நாலு பக்கத்தில்தான். அந்த இதழைப் படித்தவர்களுக்கு நாயகன் ஜங்ஷனில் இறங்கினானா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. அட்டைப்படம் தனிக் கூத்து. நான் நர்ஸ் கதை எழுதினால் அட்டையில் கூலிங் கிளாஸ் போட்ட பெண் நீச்சல் குளத்தில் கால் நனைப்பாள். அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் எங்கள் எழுத்தைப் பற்றி நீங்கள் எல்லாம் முடிவுக்கு வந்தீர்களோ என்னவோ.

இப்போது எழுதுவது போனில். இணையத்தில் தொடராகப் போடுகிற ஒவ்வொரு பகுதியையும் யூடி என்று சொல்வார்கள், அப்டேட்டைச் சுருக்கி. வாரத்துக்கு மூன்று யூடி போட வேண்டும், ஒரு நாள் தாமதமானால் "ரைட்டர் அக்கா எங்க போனீங்க" என்று துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செய்தி வந்துவிடும். கதை முடிந்ததும் அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் ஏற்றினால், சந்தா கட்டியவர்கள் எத்தனை பக்கம் படித்தார்களோ அதற்குப் பைசாக் கணக்கில் காசு. முந்நூறு பக்க நாவலில் எல்லாரும் எந்தப் பக்கத்தோடு ஓடிப்போனார்கள் என்பதும் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரளவு பிடிபட்டுவிடும், அந்த அவமானம் மாத நாவல் காலத்தில் இல்லை. ஏற்றிய மூன்றாம் நாள் பிடிஎஃப் ஆகி டெலிகிராமில் சுற்றும். திருட்டுப் பிரதியில் படித்துவிட்டு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி எனக்கே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விரல் வலிக்கு வாயால் சொல்லி எழுத வைக்கிற வசதியைப் பழகினேன். கோதைநாயகி அம்மாளுக்குத் தோழி, எனக்கு செல்போன். ஆனால் தோழிக்குக் காது கேட்டது. ஒரு நாள் அவசரத்தில், "அவனை நினைத்துத் தவித்தாள்" என்று நான் சொன்னதை அது "தவிர்த்தாள்" என்று எழுதிவிட்டது, நானும் திருப்பிப் பார்க்காமல் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கமெண்டில் அடிதடி. நேற்று வரைக்கும் உருகினவள் இன்றைக்கு ஏன் தவிர்க்கிறாள், அந்தப் பணவிஷயம் தெரிந்துவிட்டதா, அவன் தங்கச்சி சொல்லிவிட்டாளா என்று ஆளுக்கொரு காரணம். பிழை என்று சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் படித்துப் பார்த்தால் அவர்கள் சொன்ன காரணம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மீதிக் கதையை அப்படியே திருப்பிவிட்டேன்.

இனி அந்த நியாயமான விஷயம். திமிர் பிடித்த பணக்காரன், கட்டாயத் தாலி, அடித்துவிட்டு அழுகிற நாயகன் என்று ஒரே அச்சில் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். 'ஆன்ட்டி ஹீரோ' என்று பெயர் வைத்துக்கொண்டு அதைத்தான் நிறைய எழுதுகிறார்கள், படிக்கவும் ஆள் இருக்கிறது. நானும் ஒன்று எழுதினேன். என் கதைகளிலேயே அதிகம் படிக்கப்பட்டது அதுதான். ஒரு நாள் ராத்திரி ஒரு பெண்ணிடமிருந்து செய்தி. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கை நீட்டுவார் அக்கா, உள்ளுக்குள்ள பாசம் இருக்கும்னு உங்க கதை படிச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன், நன்றி என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அந்த இதயத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அவளுக்கு நாலு நாள் விடாமல் எழுதினேன், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அனுப்பினேன். ஐந்தாவது நாளிலிருந்து பதில் இல்லை. கதையை எடுத்துவிட்டேன். பிடிஎஃப் மட்டும் எங்கேயோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதை என்னால் பிடிக்க முடியாது.

உங்கள் கட்டுரையாளர் இந்த இடத்தைத் தொட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எங்கிருந்து திருடுகிறோம் என்று தேடியதில் அரைப் பக்கத்தைச் செலவழித்துவிட்டு, யார் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. படிக்கிற ஒருத்தியிடம்கூடப் பேசவில்லை. அடுத்த தடவை எழுதும்போது திருச்சி பக்கம் ஆளை அனுப்புங்கள். இரும்புப் பெட்டியையும் காட்டுகிறேன், காபியும் உண்டு.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டுவதானால் வெட்டுங்கள், கடைசி நாலு பத்தியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எனக்கும் நேரமாகிறது. வியாழக்கிழமை போட்ட யூடியில் நாயகியை மழையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வந்தேன், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். இன்றைக்கு ராத்திரிக்குள் பஸ் ஏற்றிவிட வேண்டும்.

இப்படிக்கு,
குடும்ப நாவல் எழுதுகிற ஒருத்தி,
பொன்மலை, திருச்சி.