உன் பேரில் உள்ள சாய்கோடு

பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. ஆபீஸில் 'எல்லாரையும் சேர்த்துக்கொள்ள' என்று ஒரு குழுவாம், அதில் உன்னையும் போட்டிருக்கிறார்களாம், ஆனால் போட்டோ எடுக்கும்போதுதான் உன் ஞாபகம் வருகிறதாம், இனிமேல் போக மாட்டேன் என்றாய். சரி, கோபம் நியாயம்தான். எனக்கு அப்போது பதில் வரவில்லை, அடுப்பில் குழம்பு வேறு. இப்போது தூக்கம் வராமல் போனை எடுத்து இதைத் தட்டுகிறேன், நீளமாகத்தான் இருக்கும், பஸ்ஸில் போகும்போது படி.

நான் பினாங்குத் தீவில் இருக்கிற பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனது 1984இல். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருட்டோடு ஃபாக்டரி பஸ், பிறகு ஃபெரி. பாலம் அடுத்த வருஷம்தான் திறந்தார்கள். அந்தத் தொழிற்பேட்டையே 1972இல் தொடங்கியதுதான், இன்டெல் வந்ததும் அந்த வருஷம்தான். லைனில் உட்கார்ந்தது முக்கால்வாசி பெண்கள், கம்பத்து மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எங்களைப் போல் பால்மரத்துப் பிள்ளைகள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு விரல் மெலிசு, பொறுமை ஜாஸ்தி என்பார்கள். சம்பளமும் மெலிசு, அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து சிப்பில் சேர்க்கிற வேலை. ஒரு தடவை புது மெஷின்கள் வந்தன. மைக்ரோஸ்கோப் உயரத்தில் இருந்தது, நாங்களோ ஐந்தடிக்கும் கீழே. ஸ்டூலை ஏற்றினால் கண் எட்டும், கால் அந்தரத்தில் தொங்கும். எட்டு மணி நேரம் அப்படியே. இடுப்பு வலி, கழுத்து வலி, கை நடுக்கம், ரிஜெக்ட் கூடிக்கொண்டே போனது. மேலே மீட்டிங் போட்டார்கள், ஆப்பரேட்டர்களுக்குக் கவனமில்லை என்று முடிவு கட்டினார்கள், ஓவர்டைமை வெட்டினார்கள். நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். மீட்டிங் நடந்தது இங்கிலீஷில், எங்களை யார் உள்ளே விட்டது?

ஆறு மாசம் கழித்து ஈப்போவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள், என்னைவிடக் குள்ளம். முதல் நாளே மெஷினில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் காலும் தொங்கியது. அடுத்த வாரம் எல்லா ஸ்டூலுக்கும் கீழே ஒரு மரக்கட்டை வந்துவிட்டது, ரிஜெக்ட் இறங்கிவிட்டது. முன்னால் இருந்த இன்ஜினியர்கள் கெட்டவர்கள் இல்லை பாப்பா, தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தால் வீட்டுக்கும் எடுத்துப்போகிற மனுஷர்கள். அவர்களுக்குக் கால் தரையில் பட்டது, அவ்வளவுதான்.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிடாதே. 2021இல் அப்பாவுக்குக் கோவிட் வந்து வீட்டிலேயே படுத்திருந்தாரே, விரலில் மாட்டுகிற அந்தக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். 96, 95. நம்பர் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். அது கறுத்த தோலில் ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று பிற்பாடு நீதான் சொன்னாய். அமெரிக்காவில் 2020 கடைசியில் ஆராய்ச்சியே வந்துவிட்டதாம், உள்ளே ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி காட்டிக்கொடுக்காதது வெள்ளைக்கார நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்பா பிழைத்துக்கொண்டார், முருகன் புண்ணியம். ஆனால் அவர் நிறம் உனக்குத் தெரியுமே. நான் நம்பி உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நாளை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிற மென்பொருளைப் பற்றி நீ ஒன்று அனுப்பியிருந்தாய். ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 2018இல் சோதித்தது. வெளுத்த ஆண்களிடம் தப்பு 0.8 சதவிகிதத்துக்கு மேல் போகவில்லை, கறுத்த பெண்களிடம் 34.7 வரைக்கும் போனது. சோதிக்கணும் என்று தோன்றியது யாருக்கு, பார்த்தாயா?

இதைச் சொல்லும்போதே எனக்கும் உறுத்துகிறது. நான் லைன் லீடர் ஆன பிறகு வியட்நாம் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். ஒரு பிள்ளை இரண்டு தட்டை மாற்றி வைத்துவிட்டாள், சரியான பிளர், ஒன்றும் புரியாத மண்டு என்று எல்லார் முன்னாலும் திட்டினேன், ரிப்போர்ட்டும் எழுதினேன். தட்டில் ஒட்டிய லேபிள் மலாயில் மட்டும்தான் இருந்தது. அந்த லேபிளை எழுதியது நான்தான். மன்னிப்புக் கேட்பதற்குள் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். அதனால் நம்மவர் ஒருவர் உள்ளே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே போன பிறகு யார் கால் தொங்குகிறது என்று குனிந்து பார்க்கணும், நான் பார்க்கவில்லை.

உன் விஷயத்துக்கே வருகிறேன். டப்ளினில் சேர்ந்த புதிதில் உன் பேரில் இருக்கிற ஏ/பி-யில், அதுதான் மலாயில் 'இன்னாரின் மகள்' என்று போடுகிற எழுத்தில், அந்தச் சாய்கோட்டைச் செல்லாத எழுத்து என்று ஃபார்ம் தள்ளிவிட்டது, அப்புறம் குடும்பப் பேர் கட்டாயம் என்று அப்பா பேரைப் பிடுங்கிப் போட்டது. ஆறு மாசம் எல்லாரும் உன்னை அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்த மாதிரி ஃபார்மை நீயே எழுதுகிறாய் இப்போது. அடுத்த முறை அந்தக் குழு கூடும்போது போட்டோவுக்கு நிற்காதே, வேண்டுமானால் தலைவலி என்று சொல்லிவிடு, ஆனால் இந்தச் சாய்கோட்டை மட்டும் கேட்டுவிட்டு வா.

நான் இதைத் தமிழில் தட்டுவது செல்லினத்தில், போனில் தமிழ் எழுதுகிற அந்தச் செயலியில். செய்தவர் முத்து நெடுமாறன், நம் நாட்டுக்காரர். தமிழ் வேண்டும் என்று வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் அவர். உட்கார்ந்து செய்தார்.

இட்லிப்பொடியும் நெத்திலிக் கருவாடும் நாளைக்குத் தபாலில் போடுகிறேன். கருவாட்டை அந்த ஊரில் விடுவார்களோ என்னவோ. பெட்டிமேல் உன் பேரைச் சாய்கோட்டோடுதான் எழுதியிருக்கிறேன், தபால்காரர் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அம்மா