காரைப் பார்க்கும் முன் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்சார கார் வாங்குவதா, பெட்ரோல் கார் வாங்குவதா என்று நம் நாளிதழில் வந்திருந்த ஒப்பீட்டைப் படித்தேன். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும், உள்ளே திரை எத்தனை அங்குலம், எத்தனை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்றெல்லாம் விரிவாக இருந்தது. அந்தக் கார் ராத்திரி எங்கே நிற்கும், எந்த வயரிலிருந்து கரண்ட் எடுக்கும் என்பது பற்றி ஒரு வரி இல்லை. நான் பாளையங்கோட்டையில் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். சார்ஜிங் பாயிண்ட் போட்டுத் தரச் சொல்லி இப்போது அடிக்கடி கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் காருக்குப் பணம் கட்டிய பிறகு, வண்டி வீட்டுக்கு வர இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் கூப்பிடுகிறார்கள். அப்போது சொல்வதால் பயன் குறைவு என்பதால் உங்கள் மூலமாக முன்கூட்டியே சொல்ல நினைக்கிறேன்.

"அண்ணாச்சி, வாசப்பக்கம் ஒரு ஏசி பாயிண்ட் சும்மாதான் கெடக்கு, அதுல சொருகினா போதாதா?" இதைக் கேட்காதவர்கள் குறைவு. போதாது. காரோடு தருகிற சாதாரண சார்ஜர் 3.3 கிலோவாட். 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒன்றரை டன் ஏசி எடுப்பது ஏறக்குறைய இதில் பாதிதான். அதுவும் அறை குளிர்ந்ததும் தணிந்துவிடும். கார் அப்படியல்ல. இரவு சாப்பிட்டுவிட்டு மாட்டினால் விடிகிற வரை ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் பிடி தளர்ந்த சாக்கெட்டும் மாசக்கணக்கில் அந்தச் சூட்டைத் தாங்காது. உருகிக் கறுத்த பிளக்குகளை நான் கழற்றியிருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது அதைவிட மோசம். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுத்து, அதற்கென்று ஒரு எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே நிறுத்தும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஒரு ஆர்சிசிபி, நல்ல எர்த். இவ்வளவும் வேண்டும்.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் வயர் சாக்கெட்டுக்குப் பின்னால் எதிலும் சேராமல் தொங்கும். இத்தனை வருஷம் ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் ஓடியதால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் பிழை விளக்கைக் காட்டி நின்றுவிடும். புது வண்டியில் கோளாறு என்று ஷோரூமுக்குப் போன் போடுவார்கள். இந்த இடத்தில்தான் விபரீதம் நடக்கிறது. நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிட்டால் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் பாயும். மழை நாளில் அந்தக் கதவைத் தொடுவது வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். புதிதாக எர்த் குழி எடுக்க ஆகும் செலவு, இந்தக் காருக்கு ஒரு டயர் வாங்கும் செலவுக்குப் பக்கத்தில்தான் வரும்.

அடுத்தது கரண்ட் பில். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்று விற்பனைப் பையன்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக் கட்டணம் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லையே, யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எடுக்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி அவர்கள் பில் ஏறக்குறைய 1,200 ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் சின்ன மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்தில் 300 யூனிட் கேட்கும். மொத்தம் 700. 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் போய்விடும், மேலே யூனிட் 8.55 ரூபாய், பிறகு 9.65 ரூபாய் என்று ஏறும். பில் 3,900 ரூபாய்க்கு வந்து நிற்கும். அதாவது காருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 35 காசு.

இதைச் சொன்னதும் மின்சார கார் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. அதே தூரத்தைப் பெட்ரோலில் ஓட்டினால், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற நிலையில், இரண்டு மாதத்துக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் ஆகும். சொந்த வீடு, கார் நிறுத்த இடம், ஒழுங்கான வயரிங் இருந்து, தினமும் நல்ல தூரம் ஓட்டுபவர் தாராளமாக வாங்கலாம். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கோ தென்காசிக்கோ தினமும் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான கார் கிடையாது என்றே சொல்வேன். கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால், பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. எங்கள் பக்கத்து வெயிலுக்கு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட்டை ஒட்டி வரும். பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்ததை இரவில் கார் எடுப்பதோடு கழித்துக்கொண்டால் மேல்படிக் கட்டணமே வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற வண்டியென்றால், கூடுதலாகக் கொடுத்த விலை எந்தக் காலத்தில் திரும்பும்? 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. மின்சார காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. இடைவெளி சுருங்கிவிட்டதை நினைவில் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர்களும் அடுக்குமாடிக்காரர்களும்தான் அதிகம் தவிக்கிறார்கள். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒரு ஆசிரியை, கீழே தன் மீட்டரிலிருந்து தன் பார்க்கிங் தூண் வரைக்கும் கேபிள் இழுக்க எல்லாச் செலவும் தானே தருவதாகச் சொன்னார். தீப்பிடிக்கும் என்று சங்கத்தில் மறுத்துவிட்டார்கள். நான் போய் வரைபடம் போட்டு, கேபிள் எந்தக் குழாயில் போகும், எங்கே பிரேக்கர் வைப்பேன் என்று விளக்கியும் கேட்கவில்லை. அவர் கார் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். தெருவில் கார் நிறுத்தும் இன்னொருவர், ஜன்னல் வழியாக நடைபாதைக்கு மேலே வயர் விடச் சொன்னார். முடியாது என்று திரும்பிவிட்டேன். நடக்கிறவர் கால் தடுக்கும் இடத்தில் 14 ஆம்பியர் வயரை எந்த மனசோடு போடுவது?

இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுச் சார்ஜர்தான் கதி. அங்கே பல இடங்களில் யூனிட் 20 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ போகிறது. அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். காருக்கு 5 சதவீதம் என்று குறைத்துவிட்டு, அந்தக் கார் சாப்பிடும் கரண்டுக்கு 18 வாங்குவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. வசதியுள்ளவர் வீட்டில் 9 ரூபாய்க்கு ஏற்றுகிறார். வாடகைக்கு இருப்பவர் வெளியே இரண்டு மடங்கு கொடுக்கிறார்.

பக்கத்து ஊரான தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் மின்சார கார் தொழிற்சாலை திறந்தார்கள். சந்தோஷம். காரைச் செய்கிற மாநிலம் அதை நிறுத்துகிற இடத்தையும் யோசிக்க வேண்டும். கார் சார்ஜுக்கு மட்டும் வீட்டில் தனி மீட்டர், வீட்டுப் படிக்கட்டணத்தில் சேராத ஒரே விலை, முடிந்தால் நள்ளிரவுக்கு மேல் இன்னும் குறைந்த விலை என்று வைத்தால் இந்தக் கணக்கே மாறும். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019இலேயே, தனி வீடு அல்லாத கட்டடங்களில் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். பிளான் பாஸ் ஆகும் ஒவ்வொரு புது அடுக்குமாடியிலும், மீட்டர் பலகையிலிருந்து ஒவ்வொரு பார்க்கிங்குக்கும் ஒரு காலிக் குழாயாவது பதிக்கிறார்களா என்று பார்த்தாலே போதும். தளம் போடும்போது அது அற்பச் செலவு. பிறகு தரையை உடைத்துப் பதிப்பதற்குத்தான் என்னைப் போன்றவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை கார் ஒப்பீடு வெளியிடும்போது ஒரு ஓரத்திலாவது இதைப் போடுங்கள்: முன்பணம் கட்டும் முன் ஒரு எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், மின்வாரியத்தில் உங்கள் பெயருக்கு எத்தனை கிலோவாட் லோடு அனுமதி என்று பாருங்கள், கடைசி ஆறு பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, 500 யூனிட்டுக்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் ஒப்பந்ததாரர்,
பாளையங்கோட்டை.