என்னை மீட்டெடுத்த எல்லாருக்கும் நன்றி

திருநகர், மதுரை

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

மனச்சோர்வு மூன்றாவது முறை வந்து போன பிறகும் நான் கடையைத் திறந்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அது நீங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த காரியம். நேரில் சொல்ல வந்தால் தொண்டை அடைக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

டாக்டரம்மா, மாத்திரையில் தூக்கமும் பசியும் திரும்பின. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. அதைக் காதுகொடுத்துக் கேட்டு, மாத்திரையையும் நிறுத்தாமல், மனசிலும் உடம்பிலும் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கப் பழக்கும் 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில் சேர்த்துவிட்டீர்கள். சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூவர் 1990களில் உருவாக்கிய முறை என்றும், மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களுக்கு அது திரும்ப வருவதைக் குறைப்பதாக 2000-இல் வந்த ஆய்வே காட்டியது என்றும் விளக்கினீர்கள். என்னைப் போல மூன்று முறை விழுந்தவர்களுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதே பெரிய தெம்பாக இருந்தது.

பயிற்சி தந்த தங்கச்சிக்கு என்ன சொல்ல! கடையில் ட்ரையல் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியில் நான் தெரியாதபடி லைனிங் துணியைத் தொங்கவிட்டிருந்தேன். உடம்பு போட்டிருந்தது. பார்த்தாலே ‘உன் மூஞ்சியைப் பாரு’ என்று மனசு ஆரம்பித்துவிடும். துணியை எடுக்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்தவில்லை. “மனசு என்ன சொல்லுது, உடம்புல எங்க இறுகுதுன்னு மட்டும் கவனிங்கக்கா. பதில் சொல்ல வேணாம்” என்றீர்கள். ஒருநாள் துணியை விலக்கிவிட்டு நின்றேன். நெஞ்சுக்குக் கீழே இறுகியது. மூச்சு அதன்மேல் போய் வந்தது. அந்தப் பேச்சு எழுந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, அடங்கியது. அது என்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு இல்லை, நோய் விட்டுச்சென்ற பழக்கம் என்று அப்போதுதான் பிடிபட்டது. இப்போதும் வருகிறது. வந்தால் மெஷினை நிறுத்தி, மூன்று நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டு மறுபடி மிதிக்கிறேன்.

மதினி, நான் படுத்துக் கிடந்தபோது சித்திரைத் திருவிழா ஆர்டர் அத்தனைக்கும் ஹூக் கட்டி, நாள் தவறாமல் கொடுத்தீர்கள். “மனசைத் திடமா வச்சுக்க” என்று ஒரு தடவைகூடச் சொல்லாததற்குத் தனி நன்றி. அதைக் கேட்டாலே, திடமில்லாதது என் குணம் என்று இன்னும் குறுகிப்போவேன். அது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ!

பாப்பா, பாதத்திலிருந்து தலைவரை உடம்பைக் கவனிக்கும் பயிற்சிக்கு நான் படுத்ததும், யாரும் சொல்லாமலே டிவி சத்தத்தைக் குறைப்பாயே, அதற்கு நன்றிடா.

கூடப் பயின்றவர்களே, உங்கள் பெயரை எழுதுவதில்லை என்பது நம் பேச்சு. “நான் வீட்டுக்குப் பாரம்” என்று மேலூர் அண்ணன் சொன்னது எனக்குள் ஓடிய அதே வாசகம். அவ்வளவு நல்ல மனுஷன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று உறைத்தது.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி இருந்தால், எந்த நேரமும் 14416-இல் பேசலாம். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். திருநகர் பக்கமென்றால் கடைக்கும் வாருங்கள். மத்தியானம் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் தையல்கடை அக்கா